தீட்டியவர் பிழை

விற்க வருகிறவர்களுக்குத் தனிப் படிக்கட்டு. வாங்க வருகிறவர்களுக்கு நகைக்கடையின் முன்பக்கம் கண்ணாடிக் கதவு, அதைத் திறந்துவிட ஓர் ஆள், உள்ளே குளிர்காற்று, உட்கார்ந்ததும் பழச்சாறு. மற்றவர்கள் பக்கத்துச் சந்தில் திரும்பி, குப்பைத் தொட்டியைத் தாண்டி, ஓர் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு மாடி ஏற வேண்டும். மேலே 'திரும்பப் பெறும் பிரிவு' என்று எழுதிய அறை. ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் ஒன்றுக்குக் கால் விரிசல். வாசலை ஒட்டி ஒரு சிறிய மேசை, அதன் பின்னால் சீருடை போட்ட காவல்காரம்மா. சுவரில் மாட்டிய மின்விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது.

"அந்த ஃபேனைப் பாருங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "நாம வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே முடியாது, முடியாதுன்னு தலையாட்டுது."

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோராம் எண் டோக்கன் கையில் வியர்த்துக் கசங்கியிருந்தது. ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தது, இப்போது பதினொன்றேகால். வீட்டில் கணவனுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுக்காரியை விட்டுவிட்டு வந்திருந்தாள். அவன் மூக்கில் செருகியிருக்கும் குழாயின் மறுமுனையில் உள்ள ஆக்சிஜன் மெஷின் ஆஸ்பத்திரியுடையது. பத்து நாளைக்கு இரவல். நாளைக் காலை பத்து மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அடுத்த நோயாளி காத்திருக்கிறான். குழாயைக் கழற்றிவிட்டால், கட்டிலில் இருந்து கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் உதடு நீலம் பாய்ந்துவிடும். வயது நாற்பத்து நான்கு.

புது மெஷின் அறுபதாயிரம். ஆஸ்பத்திரிக்கு எதிரே பழைய மெஷின் விற்கிறவனிடம் நேற்று போய்க் கேட்டாள். இரண்டு பேர் உபயோகித்து, இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பி வந்த மெஷின். அதற்கு ஐம்பதாயிரம் சொன்னான். பழசுக்கு இவ்வளவா என்றதற்கு, "மூச்சு விடற சாமான்மா. எத்தனை கை மாறினாலும் விலை எறங்காது. முடியலன்னா வாடகைக்கு எடுத்துக்க, மாசம் ஆறாயிரம்," என்றான்.

வாடகைக்கு எதற்கு? அவள் கைப்பைக்குள் நீல வெல்வெட் பெட்டியில் ஒரு வைர மோதிரம் இருந்தது. கூடவே மடித்த காகிதம் ஒன்று, அதில் கொட்டை எழுத்தில் 'மதிப்பு: ஒரு லட்சத்து எண்பதாயிரம்'.

அந்த மோதிரம் வந்த கதையை வீட்டில் யாரும் சந்தோஷமாகச் சொல்வதில்லை. அவள் கணவன் பதினெட்டு வருஷம் வைரம் தீட்டியவன். எண்ணெயும் வைரத்தூளும் பூசிய இரும்புத் தட்டு நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றும். குறடில் பிடித்த கல்லை அதில் வைத்து, எடுத்து, லென்ஸில் பார்த்து, மறுபடி வைக்க வேண்டும். மூக்குக்கும் தட்டுக்கும் ஒரு சாண் இடைவெளி. பட்டறையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. காற்றடித்தால் தூள் பறந்துவிடும், தூளும் காசு. மின்விசிறியும் அதனால்தான் கிடையாது. அவன் அவசரப்பட்டு ஒரு கல்லைக் கெடுத்தான் என்று ஒரு நாளும் பேச்சில்லை. பட்டறையில் அவனுக்கு 'நிதானம்' என்றே பெயர். கூலி நாளில்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அதே பட்டறையில் அவள் பதினோரு வருஷம் கல் பிரிக்கும் மேசையில் இருந்தாள். நிறம் ஒரு பக்கம், சுத்தம் ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம். எதிரில் உட்கார்ந்து மேஸ்திரி கல் பொட்டலத்தின் மேல் எடையும் நிறமும் எழுதிக்கொண்டே போவார். எழுதுவதைத் தலைகீழாகவே படித்துப் படித்து, நேராக எழுதியதைவிடத் தலைகீழ் எழுத்து அவளுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

நாத்தனார் அங்கே பெருக்குகிற வேலை. இன்னமும் அதே வேலைதான். ஒரு நாளைக்கு இரண்டு தடவை பெருக்கி, குப்பையைப் பையில் போட்டு, முத்திரை வைத்து முதலாளி அறையில் கொடுக்க வேண்டும். வெளியே போகும்போது எல்லோருடைய கையையும் நகத்தையும் பிரஷ்ஷால் தேய்த்து, விழுவதை ஒரு ட்ரேயில் பிடித்துக்கொள்வார்கள். பழைய வேலைச் சட்டையைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. எரித்து, சாம்பலைச் சலித்து, தூளை எடுப்பார்கள்.

இந்தக் கடைக்கும் பட்டறைக்கும் ஒரே முதலாளி. போன வருஷம் அவர் பாதிப் பட்டறையை மூடினார். வேலை போனவர்களுக்குச் சேர வேண்டிய பணத்துக்குப் பதிலாக, பதினைந்து வருஷம் தாண்டியவர்களுக்கு ஆளுக்கொரு வைர மோதிரம். ஒரு மண்டபம் பிடித்து, மேடை போட்டு, மாலை போட்டுக் கொடுத்தார். "பணமாக் குடுத்தா பத்து நாள்ல கரைஞ்சுடும். வைரம் கரையாது. உங்க கஷ்டகாலத்துல இது உங்களைத் தூக்கி நிறுத்தும்," என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். கீழே இறங்கியதும், 'முழுப் பணமும் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பதினைந்து வருஷம் ஆகாத அவளுக்குக் கிடைத்தது ஒரு சுவர்க் கடிகாரம்.

மோதிரத்தைக் கொண்டுவந்த அன்று கணவன் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தான். அப்போதே இருமல் தொடங்கியிருந்தது. பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"அடி, இது என் கைடி."

"ஆயிரம் கல்லு தீட்டியிருப்பீங்க. எப்படித் தெரியும்?"

"பெத்த புள்ளையைத் தெரியாதா? இங்க பாரு, விளிம்புல ஊசிமுனை அளவுக்குத் தோலு விட்டிருக்கேன். மேஸ்திரிகூடச் சண்டை போட்ட கல்லு."

கல்லின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் இடம்தான் விளிம்பு. மெல்லிதாக இருந்தால் கல் முழுக்க வெளிச்சம் நிறையும். அந்தக் கல்லைத் தட்டில் வைத்திருந்தபோது எடை ஐம்பத்தொரு சென்ட். நூறு சென்ட் ஒரு கேரட். இன்னும் நாலைந்து சென்ட் தேய்த்தால்தான் விளிம்பு சரியாகும். மேஸ்திரி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தொன்பது சென்ட் கல்லுக்கு ஒரு விலை, ஐம்பதைத் தொட்ட கல்லுக்கு வேறு விலை.

"விளிம்பு தடியா நிக்குது மேஸ்திரி. இப்படியே விட்டா கல்லு அழும்," என்றானாம் நிதானம்.

"கல்லு அழுதா என்ன, சிரிச்சா என்ன? அம்பதைத் தொடணும். ஒரு சென்ட் கொறைஞ்சாலும் உன் ஒரு வாரக் கூலி போச்சு."

அப்படி ஐம்பதில் நிறுத்திய கல். இதற்கு மேல் எடுக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக, தீட்டாத பச்சைக் கல்லின் தோலை விளிம்பில் ஒரு புள்ளி விட்டுவைத்தான். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கூலியில் பிடித்தம் விழாமல் தப்பிக்க அது ஒன்றுதான் வழி.

இன்று காலை கிளம்பும்போது குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே அவன் கேட்டது ஒன்றுதான். "வெட்டுக்கு... என்ன போடறாங்கன்னு... பாத்துட்டு வா." வெட்டு என்றால் கல்லைத் தீட்டிய நேர்த்தி, அவன் கைவேலை.

முதலில் அவர்கள் இங்கே வரவில்லை. நேற்று மூன்று அடகுக்கடை ஏறி இறங்கினார்கள். மூன்றிலும் தங்கத்தைத்தான் பார்த்தார்கள். கடைசிக் கடைக்காரன் மோதிரத்தைத் தராசில் வைத்தான், எடுத்தான். "கல்லோட எடையைக் கழிச்சுட்டு ஒன்பதாயிரம் தரேன்."

"கழிக்கறதா? அது வைரம்ங்க."

"இருக்கட்டும்மா. நான் காசு குடுக்கறது தங்கத்துக்கு. கல்லு எனக்கு அழுக்கு மாதிரி, கழிச்சுருவேன். வித்த கடைக்கே கொண்டு போ. அவன்தான் அதுக்கு அப்பன்."

"பதினொண்ணு!" என்று குரல் வந்தது.

உள்ளறையில் ஒரு கண்ணாடி மேசை. அதன் மறுபக்கம் கருப்புக் கோட்டுப் போட்ட பெண், முன்னால் கம்ப்யூட்டர். குரலில் மரியாதை சொட்டியது. மோதிரத்தை ஒரு கறுப்புத் துணியில் வைத்தாள்.

"பில் இருக்காம்மா?"

"பில்லு கிடையாதுங்க. பேப்பர் இருக்கு. உங்க முதலாளியே மேடையில வச்சுக் குடுத்தது."

"ஓ, அப்போ அன்பளிப்பு. பில் இருந்தாத்தாம்மா எங்க கல்லுன்னு கணக்கு. இல்லன்னா வெளிக்கல்லு மாதிரிதான் பாக்கணும்."

"வெளிக்கல்லா? பெட்டியில உங்க பேரு. பேப்பர்ல உங்க பேரு. மோதிரத்துக்கு உள்பக்கம் உங்க முத்திரை."

"புரியுதும்மா. ஆனா ரூல் அப்படி." அந்தப் பெண் காகிதத்தைப் பிரித்தாள். "இந்த ஒரு லட்சத்து எண்பதுங்கறது கீழ ஷோரூம்ல விக்கற விலை. அதுல கடை வாடகை, வரி, செய்கூலி, விளம்பரம் எல்லாம் அடக்கம். திரும்பி வரும்போது அதெல்லாம் கழிஞ்சுரும்."

"விளம்பரத்துல பல்லைக் காட்டறாளே ஒருத்தி, அவ சம்பளத்தையும் எங்க அண்ணன் தலையிலதான் கட்டினீங்களா?" என்றாள் நாத்தனார்.

கோட்டுக்காரப் பெண் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அப்புறம் இது நாங்களே எழுதின பேப்பர். வெளி லேப் சர்டிபிகேட் இருந்தா கொஞ்சம் கூட வரும்."

"உங்க பேப்பரை நீங்களே நம்ப மாட்டீங்களா?"

"நம்பறது வேறம்மா, மதிப்பு வேற. இப்ப மெஷின்ல வளர்க்கற வைரம் வேற வந்துருச்சு. பாத்தா ஒரே மாதிரி இருக்கும், விலை பத்துல ஒரு பங்கு. அதனால நிஜக் கல்லு விலையும் பாதியா எறங்கிருச்சு."

"கீழயும் பாதி விலைக்குத்தான் விக்கறீங்களா?"

ஒரு குறடால் மோதிரத்தின் கம்பி நகங்களை நெம்பிக் கல்லைத் தனியாக எடுத்தாள் அந்தப் பெண். அது துணியில் உருண்டு மேசை ஓரத்துக்கு ஓடியது. எதிரே உட்கார்ந்திருந்த அவள் சட்டென்று விரலால் பிடித்து நிறுத்தினாள். பதினோரு வருஷப் பழக்கம். கல்லை ஒரு ஊதா விளக்கின் அடியில் வைத்தபோது லேசாக நீலம் அடித்தது.

"பாருங்க, நீலம். இதுக்கும் ஒரு கழிவு உண்டு."

"அம்மா, நான் இந்தக் கல்லெல்லாம் பிரிச்சவ," என்றாள் அவள். "லேசா நீலம் அடிச்சா மஞ்சள் மறையும், கல்லு வெள்ளையாத் தெரியும், அதை நல்ல கூடையில போடுன்னு சொன்னதே உங்க ஆளுங்கதான். அப்போ அது அழகு. இப்போ கழிவா?"

கோட்டுக்காரப் பெண் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கல்லை ஒரு சிறிய பெட்டிக்குள் வைத்து மூடினாள். திரையில் கல்லின் படம் கோடு கோடாக வந்தது. கீழே சிவப்பில் ஓர் எழுத்து.

"வெட்டு மோசம்மா. விளிம்பு ரொம்பத் தடி. எடையெல்லாம் அங்கதான் ஒளிஞ்சிருக்கு. மேல இருந்து பாத்தா நாற்பத்தஞ்சு சென்ட் கல்லு மாதிரிதான் தெரியும். பத்தாததுக்கு ஒரு இடத்துல பச்சைத் தோல் அப்படியே இருக்கு. கல்லுக்கு இருபத்தோராயிரம், தங்கத்துக்கு ஒன்பது. மொத்தம் முப்பது."

வெளியே மின்விசிறி கிறீச்சிட்டுத் திரும்பியது.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆச்சுன்னு சொல்லுவாங்க," என்றாள் நாத்தனார் மெல்ல. "இது பெட்டியை விட்டே எறங்கலையே அண்ணி. ஒரு நாள்கூட விரல்ல போடலையே. எப்படித் தேஞ்சுது?"

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மதிப்புப் போடற பெரியவர் யாரும் இருக்காங்களா? அவரைக் கூப்பிடுங்க."

"அவரும் இதையேதாம்மா சொல்லுவார்."

"சொல்லட்டும். அவர் வாயால கேக்கறேன்."

உள்கதவைத் திறந்துகொண்டு வந்தவர் மேஸ்திரி.

சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் அட்டை மாட்டியிருந்தார். பாதிப் பட்டறையை மூடியபோது மோதிரம் வாங்காமல் வேலை தப்பியவர்களில் அவர் ஒருவர். அவளைக் கண்டதும் ஒரு அடி பின்வாங்கி, பிறகு சிரித்தார்.

"அடடே, தங்கச்சி! நிதானம் எப்படி இருக்கான்?"

"மூச்சு வாங்கிக்கிட்டு இருக்காருண்ணே. மெஷின்லேர்ந்து. அதுக்குத்தான் வந்தோம்." அவள் துணியைச் சுட்டினாள். "கல்லைப் பாருங்க. வெட்டு மோசம்ங்கறாங்க."

மேஸ்திரி லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். கல்லைத் திருப்பினார். விளிம்பில் அந்தப் புள்ளி வந்த இடத்தில் அவர் விரல் நின்றது. லென்ஸை எடுக்க நேரமாயிற்று.

"தெரியுதாண்ணே?"

மேஸ்திரி கல்லைத் துணியில் வைத்தார்.

"கல்லு அழுதா என்ன, சிரிச்சா என்னன்னு சொன்னீங்களே, அந்தக் கல்லுதான். சுத்திச் சுத்தி உங்க கைக்கே வந்திருக்கு."

"அது ஏழெட்டு வருஷம் ஆச்சு தங்கச்சி," என்றார் அவர், கோட்டுக்காரப் பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு.

"ஆகட்டும். அம்பதுல நிறுத்துன்னு சொன்னது யாரு? நிறுத்தலன்னா ஒரு வாரக் கூலி போகும்னு சொன்னது யாரு? அம்பது இருக்குன்னுதானே எங்க தலையில ஒரு லட்சத்து எண்பது விலை கட்டினீங்க? இப்ப அதே அம்பதைத் தடிங்கறீங்க."

மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "விக்கும்போது எடைக்கு விலை தங்கச்சி. வாங்கும்போது வெட்டுக்கு விலை. இது நான் போட்ட சட்டமா?"

"சரி, விளிம்பைத் தேச்சுத் திருத்தினா?"

"திருத்தலாம். நாற்பத்தாறு வரும். அம்பதுக்குக் கீழ போயிட்டா இந்த இருபத்தொண்ணுகூட வராது."

"நல்லா இருக்கே," என்றாள் நாத்தனார். "நின்னாலும் குத்தம், உக்காந்தாலும் குத்தம். கல்லும் நம்ம ஜாதிதான் அண்ணி, கூலிக்காரக் கல்லு." பிறகு மேஸ்திரியின் பக்கம் திரும்பினாள். "ஏன் மேஸ்திரி, நான் பெருக்கற குப்பையைக்கூடச் சலிச்சு எடுக்கறீங்க. எங்க அண்ணன் நெஞ்சைச் சலிச்சா ரெண்டு கேரட் தேறும். அதுக்கு என்ன விலை போடுவீங்க? அதுலயும் வெட்டு மோசமா?"

"ஏய், நீ அரை நாள் லீவுதானே போட்டிருக்க?" என்றார் மேஸ்திரி. "மத்தியானம் துடைப்பத்தை எடுக்கப் பட்டறைக்குத்தான் வரணும். வாயைப் பாத்துக்க."

நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கணக்குப் போடத் தேவையே இல்லாமல் கணக்கு அவளுக்குத் தெரிந்தது. பழைய மெஷினுக்குக்கூட இருபதாயிரம் குறைகிறது. வாடகை மாதம் ஆறாயிரம். பதினெட்டு வருஷத்துக்கு ஐந்து மாதக் காற்று. டாக்டரோ, இருக்கிறவரைக்கும் வேண்டும் என்று சொல்லியிருந்தார். வேறு கடைக்குப் போகலாம் என்றால், நாளைக் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி ஆள் வந்துவிடுவான்.

"படிவத்தைக் குடுங்க," என்றாள்.

பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. கோட்டுக்காரப் பெண் அதைத் திருப்பி அவள் பக்கம் தள்ளுவதற்கு முன்பே, தலைகீழாக இருந்தபடியே அவள் படித்துவிட்டாள். எடை: ஐம்பது சென்ட். வெட்டு: மோசம். மதிப்புக் குறைவுக்கான காரணம்: தீட்டியவர் பிழை.

"இது என்ன?"

"எதும்மா?"

"தீட்டியவர் பிழை. யார் எழுதினது இது?"

"யாரும் எழுதலம்மா. வெட்டு மோசம்னு போட்டா கம்ப்யூட்டர்ல காரணம் அதுவா வந்துரும். மொத்தம் மூணு காரணம்தான் இருக்கு. கல்லின் இயல்பு, உடைமையாளர் கவனக்குறைவு, தீட்டியவர் பிழை."

"நாலாவதா ஒண்ணு சேருங்க," என்றாள் அவள். "மேஸ்திரி உத்தரவு."

கோட்டுக்காரப் பெண்ணின் உதடு சிரிப்புக்கும் சிரிப்பில்லாததுக்கும் நடுவில் நின்றது. மேஸ்திரி கதவின் பக்கம் பார்த்தார்.

"பணத்தை நீங்க கொறைச்சுக்கிட்டீங்க. அது உங்க கை ஓங்கின கை. ஆனா அந்த மனுஷன் பதினெட்டு வருஷத்துல ஒரு கல்லைக் கெடுத்ததில்ல. இதுல நான் கையெழுத்துப் போட்டா, என் புருஷன் வேலை தெரியாதவன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி." அவள் பேனாவை எடுத்தாள். 'தீட்டியவர் பிழை' என்பதை மூன்று கோடு போட்டு அடித்தாள். மேலே, பொட்டலங்களில் படித்துப் பழகிய பொடி எழுத்தில், 'முதலாளிக்காக மேஸ்திரி சொல்லி நிறுத்தியது' என்று எழுதினாள். அதன் கீழே கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளினாள்.

கோட்டுக்காரப் பெண் அதைப் பார்த்தாள், மேஸ்திரியைப் பார்த்தாள். "அடிச்சு எழுதின படிவம் செல்லாதும்மா," என்றாள். கோபமில்லாமல், அதே மரியாதையோடுதான் சொன்னாள். தாளை நாலாகக் கிழித்துக் காலடிக் கூடையில் போட்டாள். ஒரு பொத்தானை அமுக்கினாள். பிரிண்டர் மறுபடி துப்பியது. அதே தாள், அதே எழுத்து.

"போடு தங்கச்சி," என்றார் மேஸ்திரி. "யாரு படிக்கப் போறா இதை? நிதானத்துக்கு இது தெரியவா போகுது? மொதல்ல அவன் மூச்சு விடட்டும்."

அவள் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். நாத்தனார் அவள் தோளில் கை வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை. முதலாளி அவளுக்குக் கொடுத்த அதே மாதிரிக் கடிகாரம்.

கையெழுத்துப் போட்டாள். பேனா ஒரு இடத்தில் தாளைக் கிழித்தது.

கோட்டுக்காரப் பெண் பணம் எடுக்க உள்ளே போனபோது போன் அடித்தது. வீட்டிலிருந்துதான். எடுத்ததும் முதலில் மெஷினின் டக், டக் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் அவன் குரல்.

"என்ன... ஆச்சு?"

"முடிஞ்சுதுங்க. வந்துட்டிருக்கோம். மெஷின் கொண்டு வந்துருவோம்."

"வெட்டு... என்ன போட்டான்?"

எதிரே மேஸ்திரி ஒரு புது வெள்ளைத் தாளை ஐந்து மடிப்பாக மடித்து, கல்லை அதற்குள் வைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கீழே ஷோரூமுக்குப் போகிற பொட்டலம். பென்சிலை எடுத்து அதன் மேல் எழுதினார். அவள் தலைகீழாகப் படித்தாள். எடை: ஐம்பது. நிறம்: வெள்ளை. வெட்டு: நன்று. விலை: 1,85,000.

"என்ன... போட்டான்?"

"நன்றுன்னு எழுதியிருக்காங்க," என்றாள் அவள். "மேஸ்திரி கையாலதான் எழுதினார். பாத்துட்டேதான் இருக்கேன்."

மேஸ்திரியின் பென்சில் நின்றது. போனில் அவன் சிரிக்க முயன்று இருமினான். இருமல் முடியும்வரை காத்திருந்து போனை வைத்தாள். மேஸ்திரி பொட்டலத்தைக் கையால் மறைத்தபடி எடுத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் உள்ளே போய்விட்டார்.

பணம் வந்தது. அதை அவள் நாத்தனாரிடம் கொடுத்தாள். இருவரும் வாசலுக்கு வந்தபோது காவல்காரம்மா எழுந்து நின்றாள்.

"யாரு கல்லைத் தொட்டது?"

"நான்தான். உருண்டு ஓடுச்சு, பிடிச்சேன்."

"கையைக் காட்டுங்கம்மா. தப்பா நெனைக்காதீங்க, ரூல்."

மேசையில் ஒரு வெள்ளை ட்ரே இருந்தது, பக்கத்தில் மெல்லிய மயிர்ப் பிரஷ், ஒரு கண்ணாடிப் புட்டி. அவள் இரண்டு கையையும் ட்ரேக்கு மேலே நீட்டினாள். பதினோரு வருஷம் தினமும் நீட்டியதைப் போலவே நீட்டினாள். விரல்கள் தாமாகவே விரிந்துகொண்டன. காவல்காரம்மா ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். நகக்கண், விரலிடுக்கு, உள்ளங்கை ரேகை. நாத்தனார் பணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ட்ரேயில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் காவல்காரம்மா அதைச் சாய்த்து, ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, விழுந்ததைப் புட்டிக்குள் போட்டு, மூடியை இறுக்கித் திருகினாள்.

"நீங்க போலாம்மா," என்றாள்.